உன்சுக் சின்: எந்தப் படைப்பிலிருந்து கேட்கத் தொடங்குவது?

முப்பது வருடமாகக் கர்நாடக சங்கீதம் கேட்டுவரும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் போனில் கேட்டார்: "நீங்க அடிக்கடி சொல்ற அந்தக் கொரிய அம்மாவோட இசையைக் கேட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன். எதிலேர்ந்து ஆரம்பிக்கணும்?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வகை நவீன மேற்கத்திய இசையில் முதல் அரை மணி நேரம் தவறாகப் போய்விட்டால் அதன் பிறகு பலர் திரும்பி வருவதே இல்லை. நானே ஒரு காலத்தில் அப்படிப் போய், பல வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தேன். அதனால் ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு, அவருடைய ஆர்கெஸ்ட்ரா படைப்புகளில் எனக்குப் பிடித்த சிலவற்றை மறுபடி கேட்டேன். ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. நண்பர் கேட்ட அந்தக் கொரிய இசையமைப்பாளர் உன்சுக் சின் 1961-ல் சியோலில் பிறந்தவர். அப்பா பிரஸ்பிட்டேரியன் சபையின் போதகர். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1985-ல் உதவித்தொகையோடு ஜெர்மனியின் ஹாம்பர்குக்குப் போய், புகழ்பெற்ற இசையமைப்பாளர் கியோர்கி லிகெட்டியிடம் மாணவியாகச் சேர்ந்தார். அதற்குள் அவருக்கு ஒரு சர்வதேசப் பரிசும் கிடைத்திருந்தது. லிகெட்டி அந்தப் படைப்புகளைப் பார்த்துவிட்டு, இதில் உன்னுடையது என்று எதுவும் இல்லை என்ற பொருளில் சொல்லிவிட்டார். அந்த அடியில் சுமார் மூன்று ஆண்டுகள் சின் எதுவும் எழுதவில்லை. 1988-ல் பெர்லினுக்குக் குடிபோய், அங்கே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மின்னணு இசைக்கூடத்தில் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் கை மறுபடி ஓடியது. ஒரு ஒலியைப் பிரித்து, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு அந்தக் கூடத்தில் ஊறியிருக்க வேண்டும். பின்னாளில் நூறு பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும்போதும் அந்தக் காதுதான் வேலை செய்கிறது. 2004-ல் கிராவ்மேயர் விருது, 2024-ல் எர்ன்ஸ்ட் ஃபான் சீமன்ஸ் விருது; இரண்டும் இசை உலகின் பெரிய விருதுகள். இன்றைக்கு உயிரோடு இருந்து எழுதிக்கொண்டிருப்பவர்களில் முன்வரிசைக்காரர்.

சரி, நம் காதுக்கு இதில் என்ன சிரமம்? பிடித்துக்கொள்ள ராகம் இல்லை. தொடையில் தட்டிக்கொண்டு போகத் தாளம் இல்லை. பாட்டு என்று வாய்க்குள் முணுமுணுக்க ஒன்றும் கிடைக்காது. கேட்பவர் எதையாவது பற்றிக்கொள்ளத் தேடுவார், எதுவும் கையில் சிக்காது, பத்தாவது நிமிடம் களைத்துவிடுவார்.

ஆனால் சின் நம் காதுக்கு வேறொன்றைத் தருகிறார். தம்புராவை நினைத்துப் பாருங்கள். நாலே தந்தி, பாட்டு ஒன்றும் இல்லை. ஆனாலும் நல்ல தம்புரா ஒன்று சுருதி சேர்ந்து நிற்கும்போது நாம் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஒரே சட்ஜத்துக்குள் மேலே மேலே மெல்லிய ஒலிகள் எழுந்து மினுங்குவதும், ஜீவா நூலைக் கொஞ்சம் நகர்த்தினால் அந்த மினுக்கம் மாறுவதும் நமக்குத் தெரியும். அந்த மினுக்கத்தையே முழு ஆர்கெஸ்ட்ராவை வைத்து, இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருவர் வளர்த்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? சின்னின் இசை பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கிறது. தன் கனவுகளில் வரும் பேரொளியையும் வண்ணங்களையுமே ஒலியாக்க முயல்வதாக அவர் சொல்லியிருக்கிறார். எனவே முதல் படைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டு விஷயம்: இந்த நிறமாற்றம் தெளிவாகக் கேட்க வேண்டும், அது கேட்கப் பழகும்வரை பற்றிக்கொள்ள ஒரு கை வேண்டும்.

பலரும் முதலில் கைகாட்டுவது 'சுபீட்டோ கான் ஃபோர்சா' என்ற படைப்பை. பீத்தோவனின் 250-வது பிறந்த ஆண்டுக்காக எழுதியது. 2020 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் கிளாவுஸ் மாக்கெலா நடத்த முதலில் ஒலித்தது. ஐந்து நிமிடம்தான். உலகமெங்கும் ஆர்கெஸ்ட்ராக்கள் இதை ஆசையோடு வாசிக்கின்றன. ஐந்து நிமிடம் யாருக்கும் பாரமில்லை என்பதால் பரிந்துரைப்பதும் சுலபம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தப் படைப்பு பீத்தோவனின் கோரியொலான் முன்னிசையின் முதல் அடியைப் பிடித்துக்கொண்டு கிளம்பி, அதை உடைத்துச் சிதறடிக்கிறது. ஐந்தாம் சிம்பொனியின் தாளம் எட்டிப் பார்க்கும். பியானோ ஒரு கணம் 'எம்பரர்' கான்செர்ட்டோவின் தொடக்கம் போலப் பாய்ந்து அடங்கும். இவையெல்லாம் காதில் ஊறியவருக்கு ஒவ்வொரு திருப்பமும் மின்சாரம் போல ஏறும். ஊறாதவருக்குத் திடீர் திடீரென்று யாரோ கதவை அடிப்பது போல இருக்கும். நெருங்கிய உறவுக்காரர்கள் தங்களுக்குள் ஜாடையாகப் பேசிக்கொள்ளும் பேச்சில் புதிதாக வந்தவர் உட்கார்ந்திருப்பது போல. நேரம் குறைவு என்பதற்காக ஒன்றை எளிது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என் நண்பருக்குப் பீத்தோவன் அவ்வளவாகப் பழக்கமில்லை. அதனால் அவருக்கு இது முதல் தேர்வாக முடியாது. மேற்கத்திய சாஸ்திரிய இசையை ஓரளவு கேட்டவர் என்றால் தாராளமாக இதிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்து 'ரோசனா'. 2008-ல் மொன்றியலில் கென்ட் நாகானோ நடத்தி அரங்கேறியது. தலைப்பு சமஸ்கிருதம், ஒளியின் அறை என்ற பொருளில் சின் வைத்திருக்கிறார். நம்மில் பலர் தலைப்பைப் பார்த்ததுமே இதைத்தான் முதலில் சொடுக்குவார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் இதில் இந்திய இசை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். சொல் மட்டுமே இங்கிருந்து போனது. உந்துதல் வந்தது ஒலாஃபுர் எலியாசனின் ஒளிச் சிற்பங்களிலிருந்து. அவர் 2003-ல் லண்டன் டேட் மாடர்னின் பெரிய கூடத்தில் செயற்கைச் சூரியனைத் தொங்கவிட்டவர். ஒளி எப்படி முறிகிறது, பட்டுத் திரும்புகிறது, அலையாக நெளிகிறது என்பதை ஆர்கெஸ்ட்ராவின் உடம்பில் செய்து பார்ப்பதுதான் 'ரோசனா'. சுமார் இருபது நிமிடம் இடைவெளியே இல்லாமல் ஒரே பரப்பாக ஓடும்.

நூறு பேருக்கு நடுவில் முன்னால் வந்து நிற்கும் குரல் ஒன்றுகூட இதில் இல்லை. அதுதான் இதன் அழகு, முதல்முறை கேட்பவருக்கு அதுதான் ஆபத்தும். நான் அன்று சின்ன ஸ்பீக்கரில், சமையலறையில் வேலைக்கு நடுவே போட்டேன். ஐந்தாவது நிமிடம் நிறுத்திவிட்டேன். அப்புறம் நாலு வருடம் சின் பக்கமே போகவில்லை. அவருடைய ஆர்கெஸ்ட்ரா படைப்புகளில் இன்று நான் அதிகம் கேட்பது இதைத்தான் என்பதால், அந்த நாலு வருடத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அதற்காகவே சொல்கிறேன்: இதைக் கடைசிக்கு வையுங்கள்.

'கூகலோன்' முற்றிலும் வேறு ரகம். இது முழு ஆர்கெஸ்ட்ரா கூட இல்லை, சிறு குழுவுக்கு எழுதியது. அறுபதுகளில் சியோலின் ஏழைப் புறநகரில் சிறுமியாக அவர் பார்த்த தெருக்கூட்டம் ஒன்று: கைமருந்து விற்பதற்காக ஊர் ஊராகப் போய், ஆளைச் சேர்க்கப் பாட்டும் நாடகமும் வித்தையும் காட்டியவர்கள். அந்த நினைவிலிருந்து பிறந்த காட்சிகள் இவை. வழுக்கைத் தலைப் பாடகரின் ஒப்பாரி, பொய்ப்பல் வைத்துக்கொண்டு இளிக்கும் குறிசொல்லி, பாட்டில்களுக்கும் டப்பாக்களுக்கும் நடுவே ஒரு காட்சி என்று ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு. டப்பாவும் பாட்டிலும் உண்மையிலேயே ஒலிக்கும். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே தாயத்து விற்றவரைச் சந்தையில் நின்று பார்த்த நம் ஊர்க்காரர் யாருக்கும் இந்த உலகம் விளக்கம் இல்லாமல் புரியும். வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருந்தால் இதைத்தான் போடுங்கள், சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். பெரியவர்களில் 'நவீன இசை என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்' என்று நம்புகிறவர்களுக்கும் இது நல்ல மருந்து. ஆனால் சின்னின் அந்த ஒளியும் பரப்பும் இதில் குறைவு. இதை மட்டும் கேட்டவர் அவருடைய ஒரு முகத்தை மட்டுமே பார்த்திருப்பார்.

இனி கான்செர்ட்டோக்கள். என் நண்பருக்குத் தேவையானது இங்கேதான் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நம் கச்சேரி மரபே ஒரு குரலையோ ஒரு வாத்தியத்தையோ முன்னால் உட்கார வைத்து, மற்றவர்கள் அதைத் தாங்கியும் அதனோடு பேசியும் போவதுதான். கான்செர்ட்டோவிலும் ஒருவர் முன்னால் நிற்கிறார். வழி தெரியாதபோது அவர் பின்னாலேயே போகலாம். கேள்வி, அவர் கையில் எந்த வாத்தியம் என்பது.

முதல் வயலின் கான்செர்ட்டோதான் சின்னை உலகறியச் செய்தது. 2002 ஜனவரியில் பெர்லினில் விவியானே ஹாக்னர் வாசிக்க, நாகானோ நடத்தினார். கிராவ்மேயர் விருது இதற்குத்தான். நாலு பகுதிகள், அரை மணிக்குச் சற்றுக் குறைவு. நமக்கு வயலின் நன்றாகத் தெரியும். அதனாலேயே இங்கே ஒரு வித்தியாசத்தை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். நம் வித்வான்கள் நாலு தந்தியையும் ச-ப-ச-ப என்று சேர்க்கிறார்கள். மேற்கில் ஒவ்வொரு தந்தியும் அதற்கு முந்தைய தந்தியின் பஞ்சமம். பஞ்சமத்துக்குப் பஞ்சமம், அதற்கும் பஞ்சமம் என்று ஏணி போல நிற்கும். விரல் வைக்காத அந்த வெறும் தந்திகளையே அஸ்திவாரமாக எடுத்துக்கொண்டு முழுக் கட்டடத்தையும் சின் எழுப்புகிறார். தொடக்கத்தில் வயலின் அந்தத் தந்திகளை அப்படியே தடவிக்கொண்டு, தாள வாத்தியங்களின் மெல்லிய முணுமுணுப்புக்கு மேல் எழும் இடம் விடியற்காலம் போல இருக்கும். மூன்றாம் பகுதி சின்னது, துள்ளுவது.

குறை என்று சொல்லப்போனால், வேகம். வயலின் வாசிப்பவருக்கு மூச்சுவிட நேரமில்லை. கேட்பவருக்கும் அப்படித்தான். வயலினில் கமகத்தையும் இழைவையும் எதிர்பார்த்துப் பழகிய காது, இந்தச் சிதறும் பொறிகளைக் கண்டு முதலில் திகைக்கும். தெரிந்த வாத்தியம் என்பதே நம் எதிர்பார்ப்பை முன்னால் தள்ளிவிடுகிறது. என் நண்பர் போன்ற ஒருவர் இதைக் கேட்டால் மனதுக்குள் லால்குடியோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார் என்று தோன்றியது. அது இரண்டு பேருக்கும் நியாயம் செய்யாது.

செல்லோ கான்செர்ட்டோ 2009-ல் லண்டன் ப்ராம்ஸ் விழாவில் ஆல்பன் கெர்ஹார்ட் வாசித்து அரங்கேறியது. சின்னின் கான்செர்ட்டோக்களில் எது அதிகம் நாடகம் என்றால் இதுதான். முதல் பகுதிக்கு 'அனிரி' என்று பெயர். கொரியாவின் பான்சோரி என்ற கதைப்பாட்டு மரபில் பாடகர் பாட்டை நிறுத்திவிட்டுப் பேச்சாகக் கதை சொல்லும் இடத்துக்கு அனிரி என்று பெயர். ஹரிகதை கேட்டவர்களுக்கு அந்த இடம் எது என்று விளக்க வேண்டியதில்லை. செல்லோ இங்கே அப்படித்தான் கதை சொல்லத் தொடங்குகிறது. ஆர்கெஸ்ட்ரா பக்கபலமாக நிற்காமல் எதிர்த்து நிற்கிறது. வயலினில் தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தால், இங்கே இரண்டும் மோதிக்கொள்கின்றன. மனித உணர்ச்சி நேரடியாக வேண்டும், கதை போல எதாவது நடக்க வேண்டும் என்பவர்களுக்கு இதை முதல் படைப்பாகச் சொல்லத் தயங்க மாட்டேன். ஆனால் சில இடங்களில் மிகக் கடுமையாக இருக்கும். மனம் சோர்ந்திருக்கும் நாளில் வேண்டாம்.

நான் நண்பருக்குச் சொன்னது 'ஷு'.

இதுவும் 2009-ல் டோக்கியோவின் சன்டோரி மண்டபத்தில் அரங்கேறியது. ஒரே பகுதி, சுமார் இருபது நிமிடம். எகிப்தியப் புராணத்தில் காற்றைக் குறிக்கும் பெயர் ஷு. தனி வாத்தியம் ஷெங் என்ற சீன வாய்க்கருவி. ஒரு கிண்ணத்திலிருந்து மூங்கில் குழாய்கள் கொத்தாக மேலே நிற்கும். வாயை வைத்து ஊதலாம், உறிஞ்சவும் செய்யலாம். இரண்டுக்கும் ஒலி வரும், அதனால் மூச்சுக்காக நிறுத்த வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் பல சுரங்கள் எழுப்பலாம். இதை வாசிக்கும் வு வெய் 37 குழாய் கொண்ட நவீன ஷெங்கைப் பயன்படுத்துகிறார். தன் இசைமேல் 'ஆசிய இசை' என்று முத்திரை விழுவதை விரும்பாத சின், ஆசிய வாத்தியங்களுக்கு எழுதுவதை வெகுகாலம் தவிர்த்தே வந்தார். வு வெய்யின் வாசிப்புதான் மனதை மாற்றியது.

சீன வாத்தியத்தை ஏன் ஒரு தமிழ்க் காதுக்குப் பரிந்துரைக்கிறேன்? ஷெங்கின் குழாய்க்குள் ஒலியெழுப்புவது ஒரு மெல்லிய உலோக நாக்கு. தன் சட்டத்துக்குள் தடையில்லாமல் முன்னும் பின்னும் அதிரும் நாக்கு. 18-ஆம் நூற்றாண்டில் ஷெங் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இந்த நாக்குமுறையை வைத்து அங்கே பலரும் கருவி செய்து பார்த்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் அக்கார்டியன் வந்தது, 1842-ல் பாரிஸில் ஹார்மோனியம் என்ற பெயரில் உரிமம் பெற்ற கருவி வந்தது. அந்த ஹார்மோனியம் நம் நாட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தது. அதன் எளிய வடிவம்தான் நம் சுருதிப்பெட்டி. ஆகவே ஷெங் நமக்குத் தூரத்து உறவு. 'ஷு' தொடங்கும்போது ஷெங் தனியாக, மிக மெல்லிசாக ஒரு நீண்ட ஒலியைப் பிடிக்கும். எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி வருவதற்கு முன்னால், காற்றடைத்துத் துருத்தி மெல்ல விரியும் சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவருக்கு அந்த ஒலி எங்கேயோ தொடும். எனக்குத் தொட்டது.

பிறகு அந்த ஒலியைச் சுற்றி ஆர்கெஸ்ட்ரா எப்போது சேர்ந்தது என்றே தெரியாமல் சேர்ந்துகொள்ளும். ஷெங்கின் ஒலி எது, பின்னாலிருக்கும் வயலின்களின் ஒலி எது என்று பிரிக்க முடியாத இடங்கள் வரும். சின் ஆர்கெஸ்ட்ராவையே ஒரு பெரிய ஷெங்காக மாற்றிவிடுகிறார். முதலில் நான் சொன்ன நிறமாற்றம் இவ்வளவு கண்கூடாக அவருடைய வேறெதிலும் எனக்குக் கேட்டதில்லை. நடுவில் தாளம் சூடேறி, வு வெய் மூச்சையே தாளமாக அடிக்கும் கட்டம் ஒன்று உண்டு. அங்கே யார் கையும் சும்மா இருக்காது. மேலும், ஷெங்கை நாம் வேறெங்கும் கேட்டதில்லை என்பதால் ஒப்பிட ஆளில்லை. இது இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாமல் காது திறந்திருக்கும். பழக்கமும் புதுமையும் சரியான அளவில் கலந்திருப்பது இங்கேதான்.

எதில் கேட்பது என்பதற்கும் தேர்வுகள் இருக்கின்றன. டாய்ச்ச கிராமஃபோன் 2014-ல் வெளியிட்ட பதிவில் பியானோ கான்செர்ட்டோ, செல்லோ கான்செர்ட்டோ, 'ஷு' மூன்றும் உண்டு; மியுங்-வுன் சுங் நடத்த, சியோல் பில்ஹார்மோனிக் வாசிக்கிறது. ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் இதுதான். அனலெக்டா வெளியிட்ட மொன்றியல் பதிவில் ஹாக்னரின் வயலினும் 'ரோசனா'வும். பெர்லின் பில்ஹார்மோனிக் 2023-ல் கொண்டுவந்த தொகுப்பு இன்னும் விரிந்தது: டெட்ஸ்லாஃபின் வயலின், கெர்ஹார்ட்டின் செல்லோ, 'ரோசனா' எல்லாம் இருக்கின்றன, ஆனால் 'ஷு' இல்லை. ஆகவே அது இரண்டாம் கட்டத்துக்கு. ஷெங்கைப் பொறுத்தவரை காணொளியாகப் பார்க்க வழியிருந்தால் முதல்முறை அப்படியே பாருங்கள். கன்னம் உப்புவதும் விரல்கள் குழாய்களைச் சுற்றி ஓடுவதும் பாதி விளக்கத்தைக் கொடுத்துவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 'ஷு'வின் தொடக்கம் மிக மெல்லிசு என்பதால் வால்யூமை ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள், பிறகு ஆர்கெஸ்ட்ரா முழுதும் எழும்போது காது வலிக்கும். ஹெட்போன் போட்டு, விளக்கைக் குறைத்து, முதல் ஒலி அரைகுறையாகக் கேட்டாலும் பரவாயில்லை என்று விடுங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம்; அடித்தளத்து ஒலிகள் போய்விட்டால் இதில் பாதி இசையே இல்லை.

நண்பர் இப்போது 'ஷு'வை மூன்று முறை கேட்டிருக்கிறார். முதல்முறை குழப்பம், இரண்டாம் முறை அந்தத் தாளக் கட்டம் பிடித்துவிட்டது, மூன்றாம் முறை முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். அடுத்து வயலின் கான்செர்ட்டோவின் முதல் பகுதியை மட்டும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். 'ரோசனா'வுக்கு இன்னும் நாள் இருக்கிறது.